குக்கருக்குள் ஒரு குப்பம்

லைட்ஹவுஸ் குப்பத்தில் திரௌபதியின் வீட்டில் இரண்டு குக்கர்கள் உண்டு. ஒன்றில் சோறு வேகும். மற்றொன்றில் ஊர் இருக்கும்.

ஊர் என்றால் ஊராரின் முகங்கள். அந்த இரண்டாவது குக்கரின் ரப்பர் வளையம் இன்னும் புதுசு. மூடியைத் திருகித் திறந்தால் வெள்ளைத் துணியில் சுற்றிய கறுப்பு ஹார்டு டிஸ்க் ஒன்றும், மாத்திரை டப்பாக்களில் வருகிற, ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்னப் பொட்டலங்கள் ஒரு கைப்பிடியும் இருக்கும். கடற்காற்று அந்த ஊரில் எதையும் விட்டுவைக்காது. கதவுக் கீலைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும், கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் புகுந்து பச்சையாகப் பூத்துவிடும். காற்றுப் புகாத பாத்திரம் என்று தேடியபோது அவள் கையில் கிடைத்தது குக்கர்தான்.

"இன்னாமே திரௌபதி, ஆர்டிஸ்க்குக்கு எத்தினி விசிலு?" என்று கருவாடு காயவைக்கிற வசந்தா போகிற போக்கில் கேட்பாள்.

"உன் மூஞ்சியும் உள்ளதான் கீது. ரொம்பப் பேசுன, அடுப்புல ஏத்திடுவேன்" என்பாள் திரௌபதி.

சிரிப்பாகத்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் குக்கருக்குப் பின்னால் இருந்தது சிரிப்பு இல்லை. வஞ்சம்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற தோணிரேவில் பிறந்தவள் அவள். அப்பா தருமலிங்கம், அவளுக்கு நைனா, ஏரியில் இறால் வலை போட்டவர். பிளஸ் டூ முடித்துவிட்டு இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகும். மரத்த விரலாலேயே தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை ஒரே இழுப்பில் எடுக்கக் கற்றாள். கடலுக்குப் போகிற கேசவனைக் கட்டிக்கொண்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்த பிறகு, பழவேற்காடு பஜாரில் மூடப்போன இன்டர்நெட் சென்டரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைத்தது. கேசவனுக்கு அது எதற்கென்று புரியவில்லை. அவளுக்கும் முதலில் புரியவில்லை. போட்டோஷாப்பைத் திறந்து, ஒரு போட்டோவிலிருந்து ஆளை மட்டும் புள்ளி புள்ளியாகச் சுற்றி வெட்டியெடுக்கலாம் என்று கண்டுகொண்ட நாளில் புரிந்தது. இதுவும் உரிக்கிற வேலைதான். பின்னால் இருக்கிற சுவரையும், கொடியில் தொங்கும் லுங்கியையும், பக்கத்து ஆளின் தோளையும் உரித்துப் போட்டால் முகம் சுத்தமாக வந்துவிடும்.

அவள் முதன்முதலில் உரித்தெடுத்தது நைனாவின் முகத்தைத்தான். தோணிரேவு திருவிழாவில், தலையில் துண்டு கட்டி, யாரோ சொன்ன ஜோக்குக்குப் பாதிச் சிரிப்பில் நின்றவரை ஒரு போட்டோக்காரன் எடுத்திருந்தான். போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர் அகப்பட்ட ஒரே தடவை; அச்சுப் பிரதி கூடக் கிடையாது, கம்ப்யூட்டரில் இருந்தது மட்டும்தான். அடுத்த வருடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தப் பக்கத்தில் பேனர் இல்லாமல் ஒரு நல்லது கெட்டது கிடையாது. மஞ்சள் நீராட்டோ, காதுகுத்தோ, கல்யாணமோ, கண்ணீர் அஞ்சலியோ, குப்பத்தையும் பழவேற்காட்டையும் இணைக்கிற பாலத்தருகே பேனர் ஏறியாக வேண்டும். மேலே சாமி, அதன் கீழே செத்துப்போன பெரியவர்கள், நடுவில் விசேஷத்துக்குரியவர்கள், அடியில் வரிசை வரிசையாகச் சொந்தக்காரர்களின் சின்னத் தலைகள். அந்த வரிசையில் ஒரு தலை விட்டுப்போனால் போதும். மொய் நின்றுபோகும், பேச்சு நின்றுபோகும், ஒரே படகில் ஏறமாட்டார்கள். 'மூஞ்சி போடல' என்பது அங்கே வாசலில் வைத்துச் செருப்பால் அடித்ததற்குச் சமம்.

ஆகவே, எல்லோருடைய முகமும் தயாராக வைத்திருப்பவர் யாரோ அவரிடம்தான் பேனர் வேலை வரும். அது திரௌபதியிடம் இருந்தது. 'மூஞ்சிங்க' என்று பெயர் வைத்த ஃபோல்டரில் லைட்ஹவுஸ் குப்பம், தோணிரேவு, பழவேற்காடு பஜார் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தாள். அவள் வீட்டில் டிசைன் செய்வாள். பழவேற்காட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த சிவசங்கர் அச்சடித்துக் கொடுப்பார். 'தங்கச்சி' என்பதைத் தவிர வேறு பேச்சு அவர் வாயில் வராது.

ஒரு ஐப்பசி மழையில் கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

"கடையிலயே வச்சுப் பாத்துடறேன் தங்கச்சி. மழையில நீ எதுக்கு அலையிற?" என்று சிவசங்கர் வந்து அதைப் பைக்கில் கட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது திரை ஒளிர்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"வைரஸும்மா. ஃபார்மட் போட்டாத்தான் உயிரு வரும்னாங்க. இன்னா பண்றது, உயிரு முக்கியமா, துணிமணி முக்கியமா?" என்றார்.

திரௌபதி அழுதாள். விதி என்று நினைத்தாள். காப்பி எடுத்து வைக்கவில்லையே என்று தன் தலையில்தான் அடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டரே ஒரு பெட்டி, பெட்டிக்கு எதற்கு இன்னொரு பெட்டி என்று இருந்துவிட்டாள். மாற்று வலை இல்லாமல் கேசவன் ஒருநாளும் கரையை விட்டதில்லை. அவன் பெண்டாட்டிக்கு அது தோன்றாமல் போயிற்று.

மழை ஓய்வதற்குள் சிவசங்கர் வேலை கொடுப்பதையும் நிறுத்தினார். "கடையிலயே ஆள் போட்டுட்டேன் தங்கச்சி" என்றார். அதையும் பொறுத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் பாலத்தருகே புதிதாக ஏறியிருந்த காதுகுத்துப் பேனரைப் பார்த்தாள். ஊர்த்தலைவர் அங்கமுத்துவின் முகம் அடிவரிசையில் சிரித்துக்கொண்டிருந்தது. இடது காது இல்லை.

அந்தக் காதை வெட்டியவள் அவள்தான். கற்றுக்குட்டியாக இருந்த காலத்தில், பின்னால் இருந்த தென்னைமட்டை என்று நினைத்துக் காதையும் சேர்த்து உரித்துவிட்டாள். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நினைத்து மாற்றாமலே விட்டது. உலகத்தில் வேறெந்தக் கம்ப்யூட்டரிலும் அங்கமுத்து ஒற்றைக் காதோடு இருக்க முடியாது.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, பஜாரில் பழுது பார்க்கிற அனஸிடம் போனாள். அவன் வெகுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"சும்மா அழிச்சிருந்தா தோண்டி எடுத்துடலாம் யக்கா. இது அழிச்சது மேல கண்டதையும் ரொப்பி, மறுபடியும் அழிச்சிருக்காங்க. வைரஸ் இந்த வேல செய்யாது. மனுசன்தான் செய்வான்."

அன்றிலிருந்து அவளுக்கு 'அவர்' இல்லை. அவன்.

ஊர்ப் பஞ்சாயத்தில் கேசவனைப் பேசச் சொல்லி, அவன் இழுத்துக்கொண்டு நின்றதால், பெண்கள் பேசாத இடத்தில் அவளே பேசினாள். "எங்கிட்டர்ந்து மூஞ்சிங்கள எடுத்துட்டான்" என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"உன் மூஞ்சி உங்கிட்டதான கீது?" என்றான் ஒருவன்.

அங்கமுத்து தன் இரண்டு காதையும் பிடித்துக் காட்டினார். "தபாரும்மா, ரெண்டும் பத்திரமா கீது. அப்புறம் எது காணாமப் போச்சுன்ற?"

சிவசங்கர் கைகட்டி நின்று, "பாவம், மனசு வருத்தத்துல பேசுது" என்றான்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் அவன் பின்னாலேயே நடந்து போனாள். குரலை இறக்கிக் கேட்டாள். "மத்ததெல்லாம் வச்சுக்க. எங்க நைனா மூஞ்சிய மட்டும் குடுத்துடு. ஓட்டு கார்டுல இருக்கறது மசி பூசின மாதிரி கீது. வேற இல்ல எனக்கு."

ஒரு கணம் அவன் கண் அலைபாய்ந்தது. கொடுத்தால் எடுத்ததாக ஆகிவிடும். "எங்கிட்ட ஏதும்மா?" என்றான்.

வாழ்க்கையில் ஒரு மனிதனை எந்த வார்த்தைக்காக வெறுக்கிறோம் என்று எல்லோராலும் சொல்ல முடியாது. திரௌபதியால் முடியும். அந்த 'ஏதும்மா'வுக்காக.

மறுநாளே போனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள். கருவாட்டுக் களத்தில் வியர்வையைத் துடைக்கச் சொல்லி எடுத்தாள். வலை பின்னுகிறவர்களை நிமிரச் சொல்லி எடுத்தாள். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த கைருன் பீவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நல்லா எடு, நான் மவுத்தாகிப் போறதுக்கு முன்னாடி என்னைய இன்னொருக்கா யாரும் எடுக்கமாட்டாங்க" என்றாள். அங்கமுத்துவை இரண்டு காதோடு எடுத்தாள். அவர் அப்போதும் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை.

சிவசங்கரின் பெண்டாட்டி சத்யா மீன் வாங்க வந்தவள், தானாகவே எதிரில் வந்து நின்றாள்.

"என்னியும் எடு."

"உன்ன எதுக்கு எடுக்கணும்?"

"அவரு பண்ணது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காத. கேட்டேன். வாயத் தொறக்கமாட்றாரு" என்று சொல்லிவிட்டு, கன்னம் குழிய ஒரு சிரிப்புச் சிரித்தாள். திரௌபதிக்கு அவளை எடுக்க மனசில்லை. ஆனாலும் விரல் அழுத்திவிட்டது.

இந்தத் தடவை அனஸிடம் ஹார்டு டிஸ்க் வாங்கினாள். ஒன்று இல்லை, இரண்டு. வெள்ளிக்கிழமை தோறும் காலை வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். புதிதாகச் சேர்ந்த முகங்களை டிஸ்க்கில் போடுவாள். பச்சைக் கோடு நத்தை மாதிரி நகரும். கரண்டு போனால் பாதியில் நிற்கும், மறுபடியும் முதலிலிருந்து போடுவாள். காப்பி ஆகிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னால் நம்பமாட்டாள். டிஸ்க்கைத் திறந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக முகங்களைப் பெரிதாக்கி, கண் இருக்கிறதா, காது இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகுதான் கழற்றித் துணியில் சுற்றுவாள். ஒரு டிஸ்க் குக்கரில். இன்னொன்று ஆரம்பாக்கத்தில் அக்கா வீட்டு பீரோவில். புயல் வந்து குப்பத்தையே அள்ளிக்கொண்டு போனாலும் அது ஆரம்பாக்கம் வரை வராது. மாதம் ஒருமுறை பஸ் மாறி மாறிப் போய், இதை அங்கே வைத்து அதை இங்கே கொண்டுவருவாள்.

"புருசன் பத்திரத்தக் கூட இப்டிப் பாத்துக்கல நீ" என்றான் கேசவன்.

"புருசன் போனா தானா கரைக்கு வருவான்" என்றாள்.

அச்சடிக்கப் பொன்னேரியில் ஒரு கடையைப் பிடித்தாள். மெல்ல மெல்ல வேலை திரும்பி வந்தது. முழுக்க வரவில்லை. சிவசங்கரிடம் பழைய முகங்கள் இருந்தன. செத்தவர்களின் முகங்கள் அவனிடம் மட்டும்தான் இருந்தன. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவன் அடித்த பேனரில் தான் உரித்த முகங்களைப் பார்த்துக்கொண்டு போவாள். பல்லைக் கடித்துக்கொண்டு போவாள். அவனுக்கு என்ன கெடுதல் வரலாம் என்று விதவிதமாக யோசித்துக்கொண்டு போவாள். ஆனால் வந்த கெடுதலை அவளால் யோசித்திருக்கவே முடியாது.

அவனும் காப்பி எடுத்துத்தான் வைத்திருந்தான். ஃப்ளெக்ஸ் கடைக் கூரை ஒழுகும் என்பதால், ஹார்டு டிஸ்க்கைப் பேப்பரில் சுற்றி, ஒரு தெர்மோகோல் மீன் பெட்டியின் அடியில் வைத்து, மூடி போட்டுப் பரண்மேல் ஏற்றியிருந்தான். ஈரம் புகாது, சூடு ஏறாது. நல்ல யோசனைதான், வேறு ஊராக இருந்தால். அவன் மச்சினன், சத்யாவின் தம்பி முத்துராஜ், நண்டு ஏஜென்டு. விடிகாலையில் சென்னைக்கு லோடு போகும்போது பெட்டி குறைந்தால், கண்ணில் படுகிற பெட்டியை எடுப்பான். அந்தக் கடற்கரையில் தெர்மோகோல் பெட்டி என்றால் அதில் மீன் போடலாம் என்று அர்த்தம். எடுத்தான், அடியில் பேப்பர் விரித்திருக்கிறது என்று நினைத்தான், ஐஸைக் கொட்டினான், நண்டை அடுக்கினான், அனுப்பிவிட்டான்.

யாருக்கும் தெரியாது. கார்த்திகையில் இடி விழுந்து கடைக் கம்ப்யூட்டர் கருகியபோது, சிவசங்கர் பதற்றமே இல்லாமல் ஏணி வைத்துப் பரண்மேல் ஏறினானாம்.

"முத்துராஜு, இங்க ஒரு பெட்டி இருந்துச்சே?"

"அதுவா மாமா? அது அப்பவே நண்டு போட்டுப் போயிடுச்சே!"

ஷேர் ஆட்டோவில் வசந்தா இதைச் சொன்னபோது திரௌபதிக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு வந்தது. அத்தனை முகமும் ஐஸுக்கடியில், நண்டு கடிக்கக் கடிக்க, சென்னைக்குப் போயிருக்கிறது! கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆட்டோ பாலத்தில் ஏறியபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பெட்டியில் நைனாவும் இருந்தார்.

எங்கோ ஒரு மார்க்கெட்டின் ஓரம், ஐஸ் தண்ணீர் ஓடுகிற சாக்கடையில், துண்டு கட்டிய தலையும் பாதிச் சிரிப்பும். எப்படியும் ஒருநாள் அவன் கையிலிருந்து வாங்கிவிடலாம் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள் போல. அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "பேமானி" என்றாள் சத்தமாக. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதற்கு அப்புறம் சத்யா நோயில் படுத்தாள். இரண்டு வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இழுத்து, எலும்பும் தோலுமாகிப் போய்ச் சேர்ந்தாள். அவள் மகள் நிவேதா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். தாய் செத்த வருஷம் திரும்பியதும் அவளுக்குக் கல்யாணம் கூடியது.

ஃப்ளெக்ஸ் கடைக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பேனர் போட முகம் இல்லை. வாட்ஸப்பில் வந்த மங்கலான படங்களை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் நிவேதா ஒன்றே ஒன்று கேட்டாள்: மேலே அம்மா இருக்க வேண்டும். நோயில் வற்றிப்போன அம்மா இல்லை, பழைய அம்மா. வீட்டில் இருந்த அந்தப் படங்களெல்லாம் கடைக் கம்ப்யூட்டரோடு கருகிவிட்டன. அந்த முகம் திரௌபதியிடம்தான் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

முதலில் முத்துராஜ் வந்தான். வாசலிலேயே நிறுத்தினாள்.

"பெட்டி எதுனா வேணும்னா எடுத்துக்கினு போ. மூஞ்சி கேக்கறவன வரச் சொல்லு."

சிவசங்கர் வந்தான். தலை நரைத்திருந்தது. திரௌபதி நாற்காலியைக் காட்டவில்லை.

"பழசெல்லாம் மனசுல வச்சுக்காத தங்கச்சி."

"பழசு எங்கிட்ட இன்னா கீது? நீதான் துடைச்சுட்டியே."

"நான் காப்பிதான் எடுத்தேன்னு வச்சுக்க. காப்பி எடுத்தா உன்னுது எங்க போவப் போது? திருட்டா அது?"

"காப்பி எடுத்தது திருட்டு இல்ல. ஒத்துக்கறேன். எடுத்துட்டு ஏன் அழிச்ச?"

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அந்த நேரத்துக்காக எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். எதையும் சொல்லவில்லை. அதைவிட நல்லது ஒன்று தோன்றிவிட்டது.

"எல்லா மூஞ்சியும் தர்றேன். என்னுது இல்ல அது. யாரு மூஞ்சியோ அவங்களுது. ஒவ்வொரு வீடா போ. 'உன் மூஞ்சிய திரௌபதிகிட்ட எடுத்துக்கவா'ன்னு கேளு. சரின்னா எனக்கு போன்ல சொல்லட்டும். நான் போட்டுத் தர்றேன். நான் அப்டித்தான் போனேன், வெயில்ல."

போகமாட்டான் என்று கேசவன் சொன்னான். போனான். மகள் கல்யாணம் மனிதனை எதற்கும் கிளப்பும்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாட்டுக் களத்தில் ஆரம்பித்தான். வசந்தா எழுந்திருக்கவே இல்லை. "மூஞ்சி கேக்க வந்தியா? இன்னா, ஐஸ் கொண்டாந்திருக்கியா?" பெண்கள் எல்லாரும் கூடை தட்டிச் சிரித்தார்கள். அங்கமுத்து, "எந்தக் காது வேணும் உனக்கு, சோத்தாங்கை பக்கமா, பீச்சாங்கை பக்கமா?" என்று கேட்டார். இந்தத் தடவை சிரித்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள். தோணிரேவில் ஒருவர் விடாமல் ஒரே கேள்வி: "எங்க தருமலிங்கம் மூஞ்சி எங்கப்பா?" கைருன் பீவி உட்காரவைத்து டீ கொடுத்தாள். குடித்து முடித்ததும் கிளாஸை வாங்கிக்கொண்டு, "அந்தப் பொண்ணோட வாப்பா மூஞ்சிய ஐஸ்ல போட்டுட்டியாமே" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அனுமதி கொடுத்தாள்.

திரௌபதியின் போன் நாளெல்லாம் அடித்தது. "குடுத்துடு யக்கா." "குடுமே, ரொம்ப மூஞ்சி வாடிப் போய் கீறான்." "குடு, ஆனா என்னுது நல்லா வெளுப்பா போடச் சொல்லு." ஒவ்வொன்றாக பென் டிரைவில் போட்டாள். ஒவ்வொன்றையும் போடும்போது, அந்த வீட்டு வாசலில் அவன் எப்படி நின்றிருப்பான் என்று மனதில் ஓட்டிப் பார்த்தாள். இறால் கூட அவளுக்கு அத்தனை ருசியாக இருந்ததில்லை.

எல்லாம் முடிந்து அவன் திரும்பி வந்தான். கால் வெடித்திருந்தது, சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது.

"சத்யா மூஞ்சி" என்றான்.

"அந்தம்மாவ கேட்டுகினு வா."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்தது. "செத்தவள எப்டி கேக்கறது?"

"எங்க நைனாவையும் கேக்க முடியாதுதான். நீ கேட்டியா?"

கேசவன் உள்ளேயிருந்து "ஏய், போதும்மே" என்றான். போதவில்லை அவளுக்கு. சிவசங்கர் படியில் உட்கார்ந்தான், பிறகு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் நிவேதா வந்தாள். கையில் நலங்கு மஞ்சள் இன்னும் போகவில்லை. அம்மாவின் கன்னக் குழி அப்படியே இருந்தது. திரௌபதி பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

"அத்தே, ஒருவாட்டி காட்டுங்க. குடுக்கவேணாம். காட்டுங்க."

திரௌபதி டிஸ்க்கை மாட்டி, சத்யாவைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். மீன் கூடையோடு நின்ற சத்யா. உரித்தெடுத்த பிறகு கூடை இல்லை, கடை இல்லை, முகமும் சிரிப்பும் மட்டும். பெண் திரையைத் தொட்டாள். விரல் மஞ்சள் ஒட்டியது. அவள் துடைக்கப் போனபோது திரௌபதி, "இருக்கட்டும்" என்றாள்.

"இன்னா பண்ணணும் நான்?" என்று கேட்டாள் நிவேதா.

"உங்க நைனாவுக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. எங்க நைனா மூஞ்சி அவருகிட்ட இருந்துச்சான்னு கேளு. வேற ஒண்ணும் வேணாம்."

நிவேதா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு போட்டாள்.

"நைனா, திரௌபதி அத்தையோட நைனா மூஞ்சி உங்கிட்ட இருந்துச்சா?"

அந்தப் பக்கம் மேளக்காரரோடு யாரோ பேரம் பேசும் சத்தம் கேட்டது. அது தூரமாகப் போயிற்று. அவன் நடந்து ஒதுங்கியிருக்க வேண்டும்.

"பக்கத்துல அவங்க கீறாங்களா?"

"கேட்டதுக்குச் சொல்லு நைனா."

"இருந்துச்சும்மா."

"அவங்க கேட்டப்போ இல்லேன்னியா?"

"சொன்னேன்" என்றான்.

நிவேதா போனை அணைத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒன்று இறங்கிப் போனதைத் திரௌபதி பார்த்தாள். இதைத்தான் அவள் இத்தனை வருடம் விரும்பினாள்: அவன் யார் முன்னால் நல்லவனாக இருக்க ஆசைப்படுவானோ அவர்கள் முன்னால் ஒருநாள் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். சந்தோஷம் வந்தது. வரவில்லை என்றால் பொய். தாகத்துக்குத் தண்ணீர் இறங்குகிற மாதிரி நெஞ்சுக்குள் இறங்கியது.

சத்யாவின் முகத்தை பென் டிரைவில் போட்டு, திறந்து சரிபார்த்துக் கொடுத்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது நிவேதா திரும்பினாள்.

"கல்யாணத்தன்னிக்கு நைனா கால்ல விழணும் அத்தே. இப்போ எப்டி விழறது நான்?"

"விழு. அது உன் பாடு" என்றாள் திரௌபதி. "எனக்கு விழறதுக்கு மூஞ்சி கூட இல்ல."

கதவைச் சாத்திய பிறகுதான், அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. பட்டதே தவிர, ஓடிப்போய்க் கூப்பிடவில்லை.

பாலத்தருகே பேனர் ஏறிய அன்று ஊரே நின்று பார்த்தது. மேலே சாமி. அதன் கீழே சத்யா, கன்னம் குழியச் சிரித்தபடி. நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். அடியில் லைட்ஹவுஸ் குப்பம், தோணிரேவு, பஜார், ஒரு தலை விடாமல். அங்கமுத்து இரண்டு காதோடு. பெண்ணின் தகப்பன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூக்கொத்து.

"அடப் பாவி, அவன் மூஞ்சிய அவனே போட்டுக்கல!" என்றாள் வசந்தா. மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். போனில் ஒரு படம் எடுத்துப் போட்டிருக்கலாம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? போடவில்லை.

கல்யாணத்துக்குத் திரௌபதி போனாள். கூப்பிட்டிருந்தார்கள், போனாள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முதல் பந்தியிலேயே உட்கார்ந்தாள். நிவேதா அப்பன் காலில் விழுந்தபோது அவன் அவளைத் தூக்கிவிடாமல், தானும் பாதி குனிந்து நின்றான். திரௌபதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மட்டன் குழம்பு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள்.

திரும்பும் வழியில் கேசவன் பேனருக்குக் கீழே பைக்கை நிறுத்தினான்.

"அவன் மூஞ்சி உங்கிட்ட கீதுல்ல?"

"கீது. ஒரு காதுகுத்து போட்டோவுல நின்னுகினு இருந்தான், உரிச்சு வச்சேன்."

"தன் மூஞ்சிய ஏண்டி உங்கிட்ட கேக்கல அவன்? கேட்டா குடுத்திருப்பியா?"

திரௌபதி சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். காற்று பேனரை உப்பவைத்தது. அத்தனை முகமும் ஒருமுறை முன்னால் வந்து பின்னால் போனது.

"கேக்கட்டும். அப்போ யோசிக்கிறேன்" என்றாள். "வண்டிய எடு."